ஒரு றாத்தல் பாணும் ஒரு காட் குளிசையும்

திருகோணமலையின் சீனக்குடாப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த மா ஆலையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குடாவின் கரையில் உயர உயரமாகக் களஞ்சியங்கள், சில நாட்களில் பக்கத்தில் ஒரு தானியக் கப்பல். சிங்கப்பூர்க் கம்பனியான பிறீமாவின் ஆலை அது. 1977இல் ஒப்பந்தமாகி 1980இல் அரைக்கத் தொடங்கியது. உள்ளே போகும் கோதுமை இலங்கையில் விளைந்ததல்ல. எங்கள் வெயிலுக்கும் மழைக்கும் அந்தப் பயிர் சரிவராது. அவுஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, கருங்கடல் நாடுகள் என்று எங்கெங்கோ அறுத்தது இங்கே மாவாகி, பேக்கரி அடுப்புக்குள் போய், விடியற்காலம் பாணாக மேசைக்கு வந்துவிடுகிறது.

அந்தப் பாணைச் சாப்பிட்டுவிட்டு எங்கள் அம்மா ஒரு குளிசை போடுவார். மெட்ஃபோர்மின், 500 மில்லிகிராம், சீனி வருத்தத்துக்கு. குளிசைக் காட்டைத் திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் செய்தது என்று இருக்கும். இந்திய மருந்துக் கம்பனிகள் மூலப்பொருளில் பெரும்பங்கைச் சீனாவிடம்தான் வாங்குகின்றன. ஆக, வருத்தத்துக்குத் துணைபோகிற சாப்பாடும் கப்பலில் வருகிறது, வருத்தத்துக்கான மருந்தும் கப்பலில் வருகிறது. உலகமயமாதல் என்றால் என்ன என்று கேட்டு வந்த உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு நான் இந்த இரண்டையும்தான் எடுத்துக் காட்டினேன்.

பாடப் புத்தகத்தில் இதற்கு நீளமான வரைவிலக்கணம் இருக்கும். எளிதாகச் சொல்வதென்றால், உங்கள் வீட்டில் நடக்கிற ஒரு காரியத்துக்கு முடிவு எடுக்கிறவர் வேறொரு நாட்டில் இருக்கிறார், அவருக்கு உங்களைத் தெரியாது. சாமான், பணம், ஆட்கள், கிருமி, சட்டம், விளம்பரம் கிளப்பிவிடுகிற ஆசை எல்லாமே எல்லை தாண்டி ஓடுகின்றன. இது உடல்நலத்துக்கு நல்லதா கெட்டதா என்று அந்தப் பிள்ளை கேட்டாள். கடல் நல்லதா கெட்டதா என்று கடற்றொழிலாளியிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? சிரிப்பார்.

திருகோணமலைக்காரருக்கு இது புதுக்கதையும் இல்லை. இங்கிலாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலொன்று புயலில் பாய்மரம் முறிந்து கொட்டியாரக் குடாவுக்குள் ஒதுங்கியது. 1660இல் கண்டியரசனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் மூதூர்ப் பக்கம் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் செத்துப்போனார். மகன் ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்து தப்பினார். வியாபாரம் தேடி வந்தவரை உள்ளூர்க் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மறுவளமும் உண்டு: கொழும்புக்கு 1914இல் பிளேக் வந்தது துறைமுகம் வழியாகத்தான். அன்று மாதக்கணக்கில் கடலில் வந்தது இன்று விமானத்தில் ஒரு இரவில் வந்து இறங்கிவிடுகிறது.

சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம்

பாண் எங்கள் ஊர்ச் சாப்பாடாக மாறியதில் ருசிக்குக் கொஞ்சப் பங்கு, விலைக்கும் நேரத்துக்கும் பெரிய பங்கு. அமெரிக்கா தன்னிடம் மிஞ்சிய தானியத்தை, 1954இல் கொண்டுவந்த பொதுச் சட்டம் 480இன் கீழ், சலுகையில் வறிய நாடுகளுக்குக் கொடுத்தது. இலங்கையும் வாங்கிய நாடுகளில் ஒன்று. உதவியாக வந்த மா பழக்கமாகிவிட்டது. பழக்கமான பிறகு அதைக் காசு கொடுத்து வாங்கத்தானே வேண்டும். 1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய பாண் கியூவையும் மரவள்ளிக் கிழங்கையும் எங்கள் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. பசியைக் கண்டவர்களிடம் கோதுமை மா கெட்டது என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

நேரத்தின் கதை வேறு. பிட்டுக்கு அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுக்கவேண்டும். காலை ஏழு மணிக்கு வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு அதற்கு எங்கே நேரம்? கோதுமை மாவை அவித்து அரித்து வைத்தால் இடியப்பமும் ஆகும், பிட்டும் ஆகும். அதுவும் முடியாத நாளில் பாணும் சம்பலும். குரக்கனும் சாமையும் எங்கள் வீடுகளை விட்டுப் போனது அவற்றில் குற்றம் கண்டு இல்லை. அவற்றுக்கு ஒரு ஆள் தேவை, அந்த ஆளின் நேரத்தைச் சந்தை வாங்கிவிட்டது.

வெள்ளை மாவில் தவிடும் முளையும் இல்லை. நாரும் சத்தும் அவற்றோடு போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் மாச்சத்து. அது வயிற்றில் சீக்கிரம் குளுக்கோசாக உடைந்து இரத்தத்தில் ஏறும். அதை இறக்கக் கணையம் இன்சுலினைச் சுரக்கும். வருடக்கணக்காக, அதுவும் இனிப்புத் தேத்தண்ணீரும் சோடாவும் சேர்ந்து, உடம்பு அசையாமல் இருந்துகொண்டு இதே வேலை வாங்கினால் இன்சுலினுக்கு உடம்பு கீழ்ப்படியாமல் போகும். அங்கேதான் இரண்டாம் வகை நீரிழிவு தொடங்குகிறது. தீட்டிய வெள்ளைப் பச்சையரிசிச் சோற்றை மலையாகக் குவித்துச் சாப்பிட்டாலும் இதே கதைதான். மா ஆலையை மட்டும் கைகாட்டுவது எனக்குச் சம்மதமில்லை. சைக்கிளில் போன தூரத்துக்கு இப்போது மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும், அவையும் இறக்குமதிதான்.

இன்னொரு காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்துக்கு அது முக்கியமானது என்று நினைக்கிறேன். 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தது. அந்தப் பஞ்சத்தில் தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, அவர்களுடைய உடம்பு சீனியைக் கையாளுவதில் மற்றவர்களைவிடப் பலவீனமாக இருப்பது தெரிந்தது. வயிற்றிலே பட்டினியைப் படித்த உடம்பு, கிடைப்பதைச் சேர்த்து வைக்கப் பழகிவிடுகிறது. பிறகு தாராளமாகச் சாப்பாடு வரும்போது தடுமாறுகிறது. யுத்தமும் இடப்பெயர்வும் கண்ட தாய்மாருக்குப் பிறந்தவர்கள் இங்கே இன்று நடுவயதில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பிஸ்கட் பக்கெற்றும் சோடாப் போத்தலும் வந்து நிற்கின்றன. வளர்முக நாடுகளில் நீரிழிவு ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

அதனால்தான் ஒரே வீட்டில் இரண்டு விதமான வருத்தம். பேரப்பிள்ளைக்கு நிறை காணாது என்று குடும்பநல உத்தியோகத்தர் திரிபோஷாச் சத்துமா கொடுக்கிறார். அம்மம்மாவுக்கு நிறை கூட என்று கிளினிக்கில் ஏச்சு விழுகிறது. சுகாதாரத்துறையில் இதை இரட்டைச் சுமை என்பார்கள். இலங்கையில் இன்று பத்து மரணத்தில் ஏறத்தாழ எட்டு தொற்றா நோய்களால்: மாரடைப்பு, பாரிசவாதம், புற்றுநோய், நீரிழிவு, சுவாச நோய். உலகக் கணக்கில் பார்த்தாலும் தொற்றா நோயால் சாகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வறிய, நடுத்தர வருமான நாட்டுக்காரர். ‘பணக்கார வருத்தம்’ என்று ஒரு காலத்தில் சொன்னது எப்போதோ கைமாறிவிட்டது.

இடையில் ஒன்று. மூன்று பக்கமும் கடல் இருக்கிற இந்த ஊரில், கடைத் தட்டில் டின் மீன் அடுக்கி வைத்திருக்கிறது. வெளிநாட்டில் அடைத்த டின்களும் அதில் உண்டு. எங்கள் கடலின் நல்ல சூரை மீனும் நண்டும் இறாலும் ஐஸ் பெட்டியில் ஏற்றுமதிக்குப் போகின்றன. மீனவருக்குக் காசு கிடைக்கிறது, சரி. அந்தக் காசில் அவர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும் அல்லவா.

இதில் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை என்பதற்கும் உள்ளூரிலேயே அத்தாட்சி உண்டு. 2016இலிருந்து சோடாப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்கள். சீனி எவ்வளவு என்று எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கும். அடுத்த வருடம் சீனிக்கேற்ப வரியும் வந்தது. புகையிலைக் கட்டுப்பாட்டுச் சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 2003இலேயே ஏற்றுக்கொண்டது, இந்தப் பிராந்தியத்தில் முந்திக்கொண்ட நாடு. பெட்டியில் பட எச்சரிக்கை போடச் சொன்னபோது கம்பனி நீதிமன்றம் போனது. இழுபறிக்குப் பிறகு 2015இல் பெட்டியின் 80 சதவீதத்தில் படம் என்று சட்டமானது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் நின்ற உடன்படிக்கையும் எல்லை தாண்டி வந்ததுதான்.

குளிசை எங்கேயிருந்து வருகிறது, யார் விலை சொல்கிறார்

இலங்கை தன் மருந்துகளில் பெரும்பங்கை, ஐந்தில் நான்கு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், வெளியிலிருந்து வாங்குகிறது. சிறிய நாடு ஒவ்வொரு மருந்தையும் தானே செய்யமுடியாது. கேள்வி, எப்படி வாங்குவது என்பதில்.

இதற்கு உலகத்துக்கே பாடம் சொன்னவர் இலங்கையின் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. ஒரே மருந்து பத்துக் கம்பனிப் பெயரில், பத்து விலையில் இறக்குமதியாவதை அவர் கேள்வி கேட்டார். தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போடு, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் எழுது, உலகச் சந்தையில் ஒரே ஆளாக நின்று மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கு. இவ்வளவுதான் யோசனை. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. ஒசுசல என்ற அரச மருந்துக் கடைகள் அதன் மிச்சம். கம்பனிகள் சும்மா இருக்கவில்லை, அழுத்தம் வந்தது. 1977க்குப் பிறகு தனியாரும் இறக்குமதி செய்யலாம் என்று கதவு திறந்தது. அதே 1977இல் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. பிபிலே போட்ட பாதை அது. அதே வருடம் செப்டெம்பரில் அவர் தென்னமெரிக்காவின் கயானாவில் காலமானார். அதே வருடம் ஒக்டோபரில் சோமாலியாவில் இயற்கையாகப் பெரியம்மை வந்த கடைசி நோயாளி பதிவானார். உலகம் சேர்ந்து ஒரு நோயைத் துடைத்தெறிந்ததும், எங்கள் சந்தை திறந்ததும், மா ஆலை ஒப்பந்தமும் ஒரே வருடத்தில். நான் சாத்திரம் பார்க்கிறவன் இல்லை, ஆனாலும் இந்த வருடத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிறகு 1995இல் உலக வர்த்தக நிறுவனம் வந்தது. அதோடு வந்த அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையின்படி ஒரு கண்டுபிடிப்புக்கு 20 வருடக் காப்புரிமை. அதுவரை வேறு யாரும் அந்த மருந்தைச் செய்து விற்கமுடியாது. ஆபிரிக்காவில் எச்.ஐ.வி. தலைவிரித்தாடிய காலத்தில் ஒரு நோயாளிக்கு வருடத்துக்கு 10,000 டொலருக்கு மேல் மருந்துச் செலவு. 2001இல் இந்தியாவின் சிப்லா கம்பனி அதையே 350 டொலருக்குத் தருகிறேன் என்றது. மருந்து அதே மருந்து. அந்த வருடம் நவம்பரில் தோஹாவில் கூடிய வர்த்தக அமைச்சர்கள், மக்களின் உயிர் போகிற இடத்தில் நாடுகள் காப்புரிமையைத் தாண்டிப் போகலாம் என்று எழுதி ஏற்றுக்கொண்டார்கள். நோயாளிகள் தெருவில் இறங்கியிராவிட்டால் அந்த வரி எழுதப்பட்டிருக்காது.

எங்களுக்கு நேரடிப் பாடம் 2022இல் கிடைத்தது. அந்த ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று கையை விரித்தது. டொலர் இல்லை என்றால் எரிபொருள் இல்லை என்பது எல்லோருக்கும் கியூவில் விளங்கியது. மருந்தும் இல்லை என்பது கிளினிக்குப் போனபோது விளங்கியது. பேராதனைப் போதனா வைத்தியசாலை மார்ச்சிலேயே வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டி வந்தது. எங்கள் பக்கம் துண்டில் எழுதிக் கொடுத்து, “வெளியிலே வாங்குங்கோ அம்மா” என்றார்கள். வெளியிலும் இல்லை. உணவு விலை செப்டெம்பரில் ஒரு வருடத்துக்கு முந்தியதைவிட 90 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. உக்ரேன் யுத்தத்தால் கோதுமை விலையும் சேர்ந்து ஏறியது. அப்போது இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற பிள்ளைகள் பார்சலில் குளிசை அனுப்பினார்கள். இந்தியா மருந்துக் கப்பல் அனுப்பியது. கட்டிப்போட்டதும் உலகச் சந்தை, கைகொடுத்ததும் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த கை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த நெருக்கடியிலும் அரச ஆஸ்பத்திரி வாசலில் டிக்கெட் காசு கேட்கவில்லை. கடனில் விழுந்த நாடுகளிடம் உலக நிறுவனங்கள் செலவைக் குறைக்கச் சொல்வது வழக்கம். கானா 1985இல் ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஏற்றியது. ஏழைகள் மருத்துவமனைக்கு வருவதையே விட்டார்கள். எங்களுடைய இலவச வைத்தியம் உலகம் தந்த பரிசு இல்லை. சுதந்திரத்துக்கு முன்பிருந்தே வாக்குப் போட்டுக் கேட்டு வாங்கியது.

நுளம்பு பாஸ்போட் எடுப்பதில்லை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லோருக்கும் தெரிந்த கதை. டெங்கைப் பரப்பும் ஈடிஸ் எகிப்தி நுளம்பு ஆபிரிக்காவில் தோன்றி, கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் ஏறி உலகைச் சுற்றியது. அதன் சகோதரி, புலி நுளம்பு, பழைய டயர் வியாபாரத்தோடு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு. அந்த மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு இங்குள்ளவர்களுக்கு மறக்காது, பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்கள். டயர், யோகட் கப், பொலித்தீன் எல்லாம் சந்தை கொண்டுவந்து கொட்டியது. அள்ளுவதற்கு மட்டும் யாரும் வரவில்லை.

மலேரியா எதிர்க்கதை. 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற நோய். 1946இலிருந்து டி.டி.ரி. பூச்சிமருந்து அடித்து 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள் என்ற அளவுக்கு இறக்கினார்கள். முடிந்தது என்று அசந்தார்கள். சில வருடத்தில் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. பிறகு எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியின் பணம், யுத்தத்துக்குள்ளும் விடாமல் ஓடிய மலேரியாத் தடை இயக்க ஊழியர்கள், 2012இல் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளிகள், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ். இப்போது கண்டுபிடிக்கப்படுகிறவை பிரயாணிகளோடு வருபவை. ஆகவே வெளிநாடு போய் வந்து காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போய் வந்த இடத்தைச் சொல்லுங்கள்.

ஆட்களும் போகிறார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கப் பெண்கள் மத்திய கிழக்குக்குப் போய் அனுப்பும் காசில் கல்வீடு எழும்புகிறது, மலசலகூடம் கட்டுப்படுகிறது, தாய் தகப்பனுக்கு நல்ல வைத்தியம் கிடைக்கிறது. அந்தப் பெண்ணின் முதுகுவலியும் மனவலியும், அம்மம்மாவிடம் விட்டுப்போன பிள்ளையின் ஏக்கமும் எந்தக் கணக்கிலும் வராது. மறுபக்கம், மக்களின் வரிப்பணத்தில் படித்த டாக்டர்மார் 2022க்குப் பிறகு இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். அவர்களைத் திட்டி எழுதுவது சுகம். எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் பாதியாகக் கரைந்த மாதத்தில் யார்தான் யோசிக்கமாட்டார்? ஆனால் கொழும்பில் ஒரு நிபுணர் போனால் இன்னொருவர் இருப்பார். ஓரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்கமருந்து கொடுக்கிற ஒரே டாக்டர் போனால் சத்திரசிகிச்சைக்கூடத்துக்குப் பூட்டுத்தான்.

தம்பலகாமத்து வயலில் ஒரு கடி

அந்தப் பிள்ளை கடைசியில் கேட்டது: “அப்ப சேர், எல்லாத்தையும் நாங்களே செய்தா என்ன?” அதற்கு நான் பாம்புக் கதை சொன்னேன்.

தம்பலகாமத்தில் அறுவடை நேரம் ஒருவரைப் புடையன் கடிக்கிறது என்று வையுங்கள். ஆஸ்பத்திரியில் போடுகிற விஷமுறிவு மருந்து இந்தியாவில் செய்தது. அங்கே மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கை, மாமல்லபுரம் பக்கம் 1978இல் இருளர்கள் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் மருந்து. தமிழ்நாட்டு இருளர் பிடித்த பாம்பு தம்பலகாமத்து விவசாயியைக் காப்பாற்றுகிறது. இதைவிட அழகாக உலகமயமாதலைச் சொல்ல என்னால் முடியாது.

ஆனால் ஒரு சிக்கல். பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் மாறும். இந்தியப் பாம்புக்கென்று செய்த மருந்து இலங்கைப் புடையனுக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது, கூடுதலாக ஏற்றவேண்டி வரும். பலருக்கு ஒவ்வாமையும் வரும், அதனால் அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுவார்கள். சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்கிற, இலங்கையில் நிறையப் பேரைக் கடிக்கும் சின்ன விரியனுக்கு அந்த மருந்து வேலையே செய்யாது. இந்தியாவில் ஆளைக் கொல்லும் நான்கு பெரிய பாம்புகளுக்காகச் செய்த மருந்து அது. எங்கள் ஐந்தாவது பாம்பு அந்தச் சந்தைக்குச் சின்னது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? எங்கள் பாம்புகளின் விஷத்தை எடுத்துக் கொஸ்தாரிக்காவுக்கு அனுப்பினார்கள். விஷமுறிவு செய்வதில் பேர்போன ஒரு பல்கலைக்கழக நிறுவனம் அங்கே இருக்கிறது. அந்த விஷத்தை வைத்து, பொலொன் தெலிஸ்ஸாவையும் சேர்த்து, இலங்கைக்கென்று ஒரு மருந்தைச் செய்து பரிசோதித்துப் பார்த்தார்கள்.

“கொஸ்தாரிக்கா எங்கே சேர் இருக்கு?” என்றாள். இருவரும் அட்லஸைத் தேடி எடுத்தோம்.